தண்ணீர் தாண்டிப் போன பால்வாடி

எங்கள் குப்பத்தில் பால்வாடி தொடங்கியபோது அதற்கென்று தனி இடம் கிடையாது. ஊர்ப் பொதுவில் இருந்த வலைக் கொட்டகையைக் கொடுத்தோம். பனையோலைக் கூரை, சவுக்குக் கால்கள், தரையில் ஏரி மணல், அவ்வளவுதான். சுவர் இல்லை. பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு மேலே, குறுக்குக் கழிகளில் வலைகள் மடித்துத் தொங்கும். காற்று அடித்தால் காய்ந்த செதில்கள் அவர்கள் தலையில் உதிரும். டீச்சரம்மா பாட்டை நிறுத்தாமலே ஒரு கையால் அதைத் தட்டிவிட்டுக்கொண்டிருப்பார். அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்கிய சமயம் அது.

பழவேற்காடு ஏரியை ஒட்டிய சின்னக் குப்பம் எங்களுடையது. ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கால்வாய். கால்வாய்க்கு அந்தக் கரையில் நெல் விளைகிற ஊர். பஸ், கடை, ஆரம்பப் பள்ளிக்கூடம் எல்லாம் அங்கேதான். நானும் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். சட்டையையும் சிலேட்டையும் தலையில் வைத்துக் கட்டிக்கொண்டு நீந்திப் போய், அந்தக் கரையில் சட்டை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போவோம். அதற்கு மேல் என்னைப் படிக்க வைக்கவில்லை. வலை கைக்கு வந்துவிட்டது.

பால்வாடி மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கானது. பாட்டு, கதை, களிமண் பொம்மை, மத்தியானம் மஞ்சள் மாவுக் கஞ்சி. கஞ்சி காய்ச்ச எங்கள் குப்பத்து ஆயா ஒருத்தி இருந்தாள். டீச்சரம்மா அந்தக் கரை ஊர்க்காரர். தினமும் எங்களில் யாராவது ஒருவருடைய படகில் ஏறி வந்து போவார்.

எனக்கு அந்தக் கொட்டகை எப்படி வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். என் மனைவி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். மகளுக்கு அப்போது பேச்சுகூடத் திருந்தவில்லை. காரியம் முடிந்த அன்று மனைவியின் அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். மீஞ்சூரில் குடியிருந்தார். அவர் வீட்டுக்காரர் ரயில் பாதையில் வேலை செய்பவர். நல்ல மனுஷி.

"தம்பி, நீ ஏரிக்குப் போயிடுவ. இது எங்க கெடக்கும்? எனக்கு நாலு கீது. அஞ்சாவதா இதுவும் தின்னுட்டுப் போவட்டும். குடுத்துடு" என்றார்.

நான் பேசத் தெரியாதவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. ஆனாலும் அன்றைக்கு, "பால்வாடி கீதுக்கா" என்று சொன்னேன்.

"சரி. அது நடக்கற வரிக்கும் வெச்சிக்க. அது இல்லன்னா புள்ள என் ஊட்டுக்கு வரணும். அப்ப நீ பேசக் கூடாது" என்றார்.

நான் எப்போதுதான் பேசினேன்? தலையை ஆட்டினேன்.

அப்படித்தான் நானும் மகளும் இருந்தோம். இருட்டோடு ஏரிக்குப் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்புவேன். நான் வரும்வரை பக்கத்து வீட்டில் தூங்குவாள். வந்ததும் முகம் கழுவி, எண்ணெய் வைத்து, எனக்குத் தெரிந்த மாதிரி ஒரு சடை போடுவேன். அது சடை மாதிரி இருக்காது, கயிறு முறுக்கின மாதிரி இருக்கும். டீச்சரம்மா அதை அவிழ்த்து மறுபடி பின்னிவிடுவார். சாயங்காலம் கொட்டகையிலிருந்து அழகான சடையோடு என் மகள் ஓடி வருவாள். "நைனா, டீச்சரு உன்ன கேட்டாங்க, இது சடையா, வல பின்னி வெச்சிக்கீதான்னு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு ஐப்பசி மழையில் அந்தக் கொட்டகை சாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் பிள்ளைகள் இல்லை. காலையில் போய்ப் பார்த்தபோது கூரை அப்படியே உட்கார்ந்து, கோழி அடை காப்பது மாதிரி வலைகளின் மேல் கவிழ்ந்திருந்தது. புதுசாகக் கட்ட ஊரிடம் ஒன்றும் இல்லை. மழை நாளில் எங்கள் குப்பத்தில் அடுப்பு எரிவதே பெரிசு.

பால்வாடி நின்றது. பக்கத்து வீட்டிலும் உடம்பு சரியில்லை. சில நாள் மகளைப் படகிலேயே கூட்டிக்கொண்டு போனேன். படகின் அடியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, மேலே பாயைச் சாய்த்து வைத்தேன். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. நான் ஒவ்வொரு அலைக்கும் வலையை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தேன். மீன் விற்கப் போன பெண்கள் யாரோ இதை மீஞ்சூரில் சொல்லிவிட்டார்கள். அக்கா அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"ஏரில படுக்க வெச்சியா? உனுக்கு புத்தி இன்னா ஆச்சு?"

நான் காயப் போட்டிருந்த சாக்கை எடுத்து மடித்தேன்.

"பேசாத. நீ பேச மாட்டன்னு எனக்குத் தெரியும். துணிய எடு, நான் இட்டுக்கினு போறன்."

அந்த நேரத்தில் ஆயாதான் வாசலில் வந்து நின்றாள். "யம்மா, கொஞ்சம் பொறு. பிளாக் ஆபீஸ்லேருந்து சேவிகா அம்மா வந்திருக்குது. பால்வாடிய அந்தக் கர இஸ்கூல் கட்டடத்துக்கு மாத்தப் போறாங்களாம்" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தார். மகள் என் லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பொங்கல் வரிக்கும் பாக்கறேன். அதுக்குள்ள அங்க நின்னுச்சின்னா நிக்கட்டும். இல்லாங்காட்டி பொங்கலுக்கு வந்து இட்டுக்கினு போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு, மகளுக்கு வாங்கி வந்த பன்னைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை அம்மன் கோயில் எதிரில் ஊர் கூடியது. பால்வாடிகளை மேற்பார்வை பார்க்கும் அரசாங்க உத்தியோகஸ்தரான சேவிகா அம்மா, சேற்றில் மாட்டிய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே பேசினார்.

"பள்ளிக்கூடத்துல ஒரு ரூம் இருக்குது. ஓட்டுக் கூரை, சிமெண்டுத் தரை. மழைக்கு பயமில்ல. ஆனா குப்பத்துப் பிள்ளைங்க வந்தாதான் நான் இத நடத்த முடியும். வரலன்னா வேற ஊருக்குக் குடுக்கச் சொல்லிடுவாங்க. அனுப்புவீங்களா?"

கூட்டத்தில் ஒரு பெண், "ரூமு இருக்குது சரி. நடுவுல கால்வா கீதே. அத யாரு தாண்டறது? உங்க ஆபீஸா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சேவிகா அம்மாவும் சிரித்துவிட்டார்.

உண்மையில் கேள்வி அதுதான். காலை நேரத்தில் ஆண்கள் ஏரியிலிருந்து வந்து அசந்து கிடப்பார்கள், அல்லது வலை சிக்கெடுப்பார்கள். பெண்கள் கூடையோடு மீன் விற்கக் கிளம்பிவிடுவார்கள். தினமும் யார் பிள்ளைகளைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவது? இரண்டு நாள் உற்சாகமாகச் செய்வார்கள், மூன்றாம் நாள் அவன் பார்ப்பான் என்று இவன் இருப்பான்.

எங்கள் குப்பத்துக்கு நாட்டார் என்று ஒருவர் உண்டு. வழக்கு வந்தால் தீர்ப்பவர், பாடு முறையைப் பார்த்துக்கொள்பவர். பாடு என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். ஏரியில் மீனும் இறாலும் நன்றாக விழும் இடங்கள் சிலதான். அங்கே நினைத்தவன் வலை கட்ட முடியாது. வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை உண்டு. அந்த முறைதான் பாடு. இன்று உன் பாடு என்றால் அந்த இடம் உன்னுடையது. நீ காய்ச்சலில் படுத்திருந்தாலும் அடுத்தவன் அங்கே கழி ஊன்ற மாட்டான். இறால் துள்ளி விளையாடும், இடம் சும்மா கிடக்கும். அடுத்தவன் பாட்டைத் தொட்டான் என்று பெயர் வாங்கியவன் வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

நாட்டார் சொன்னார்: "இதயும் பாடாவே வெச்சிட்டா இன்னா? ஊட்டுக்கு ஒரு நாளு. அவன் படகுல அவன் தள்ளிக்கினு போவணும், அவனே போயி இட்டுக்கினு வரணும்."

"மீனுக்கு வெச்ச மொறய புள்ளைங்களுக்கு வெக்கறதா?" என்றார் ஒருவர்.

"மீனுக்கு வெச்சது என்னிக்காவது தப்பிச்சா? சொல்லு."

கேட்டவரே சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். எங்களில் யாரும் பாடு முறையை மீறியதில்லை என்பது எங்களுக்குப் பெருமை. அன்றைக்கே சீட்டு எடுத்தோம். வலை கட்டும் இடங்களுக்கு எடுப்பது போலவேதான். வீட்டுக்கு ஒரு அடையாளம் ஒரு பானையில் போட வேண்டும். ஒருவர் சங்கு போட்டார், ஒருவர் வலையில் கட்டும் ஈயக் குண்டு போட்டார், ஒருவர் உடைந்த சீப்பு போட்டார். நான் கொட்டாங்கச்சித் துண்டு போட்டேன். ஒரு பிள்ளை கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தது. சேவிகா அம்மா ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை விட்ட ஒரு நாளில் பால்வாடியை மாற்றினோம். நினைத்தால் இப்போதும் மனசு லேசாகிறது. கொட்டகைக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்ததெல்லாம் கரையில் வரிசையாக இருந்தது. ஒரு கரும்பலகை. ஒரு கால் ஒடிந்த மரக்குதிரை. பால் பவுடர் டின்கள். பூனை, காக்கா, பஸ் வரைந்த படங்கள், மழையில் நனைந்து பூனையும் காக்காவும் ஒன்றாகக் கலந்திருந்தன. ஆயா கஞ்சி அண்டாவை யாரிடமும் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு படகின் நடுவில் உட்கார்ந்தாள்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி போறியே, சீரு எங்க?" என்று கரையில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள்.

"சீருதான் இது. மாப்பிள்ள அந்தக் கரைல கஞ்சிக்கி காத்துக்கினு கீறான்" என்றாள் ஆயா.

மரக்குதிரையைத் தனியாக அனுப்பப் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. அது தண்ணீரில் விழுந்துவிடும் என்று அழுதார்கள். கடைசியில் என் படகில் குதிரையை ஏற்றி, அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்ள இரண்டு பிள்ளைகளையும் ஏற்றினேன். ஒன்று என் மகள். டீச்சரம்மா அந்தக் கரையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று ஒவ்வொன்றாக வாங்கி வைத்தார்.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த அறையில் அந்த ஊர்க்காரர்கள் விதை நெல் மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். அதை எடுக்கச் சொன்னதில் அவர்களுக்குச் சடவு. முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்கள். ஹெட்மாஸ்டருக்கும் பிடிக்கவில்லை. "என் ஒண்ணாங்கிளாஸே இப்பத்தான் அழுகையை நிறுத்திச்சி. இதுங்க வந்து மறுபடி ஆரம்பிச்சி வெக்கப் போவுதுங்க. பாருங்க, ரெண்டு வாரம். அப்புறம் ஒண்ணும் வராது" என்று சேவிகா அம்மாவிடம் எங்கள் காது கேட்கவே சொன்னார்.

அவர் சொன்ன அழுகை முதல் நாளே வந்தது. எங்கள் பிள்ளைகள் கதவு உள்ள அறையில் இருந்ததே இல்லை. எங்கள் வீடுகளில் ஓலைத் தட்டிதான். மூக்கைச் சிந்தியபடி சிமெண்டுத் தரையில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தவர்கள், காற்றில் கதவு தானாகச் சாத்திக்கொண்டதும் எல்லோரும் ஒன்றாக அலறினார்கள். டீச்சரம்மா கதவைத் திறந்து ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தக் கதவைப் பகலில் யாரும் மூடவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வாசலில் வந்து எட்டிப் பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் மரக்குதிரைமேல் யார் ஏறுவது என்று இரண்டு கரைப் பிள்ளைகளும் முடியைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். சண்டை வந்துவிட்டதால் ஒட்டிக்கொண்டார்கள் என்று டீச்சரம்மா சொன்னார்.

"நைனா, அங்க கூரைல வல இல்ல. மேல பாத்தா ஒண்ணுமே இல்ல" என்று என் மகள் குறையாகச் சொன்னாள்.

அந்த ஊர்ப் பெண்களில் சிலர் முகம் சுளித்தார்கள். ஒருத்தி பள்ளிக்கூடக் கிணற்றடியில், "இன்னாமே, உங்க புள்ளைங்க வந்ததுலேருந்து இஸ்கூலே மீன் நாறுது" என்றாள்.

ஆயா அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நேத்து உங்க ஊட்டுக் கொழம்புல அதேதான கெடந்துச்சி. அப்ப மணந்துதா?" என்றாள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். பிற்பாடு அவர்கள் இருவரும் ஒன்றாக வெற்றிலை போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைப் பாடு நன்றாகத்தான் நடந்தது. என் முறை வரும் நாளுக்காக நான் காத்திருப்பேன். எல்லாப் பிள்ளைகளும் பவுடர் பூசி, ஈரத் தலையோடு படகில் குந்தியிருப்பார்கள். நான் கழி ஊன்றித் தள்ளுவேன். கையைத் தண்ணீரில் விட்டுக் கோடு போட்டுக்கொண்டே வருவார்கள். அவர்களிடம் எனக்கு வெட்கம் கிடையாது. நண்டு எப்படி நடக்கும், கொடுவா எப்படித் துள்ளும் என்று செய்து காட்டச் சொல்வார்கள், காட்டுவேன். இப்போது அந்த இடத்தில் பாலம் இருக்கிறது. பாலத்தில் போகும்போது நான் கீழேதான் பார்ப்பேன்.

மார்கழி மாதம், பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு காலையில் கரையில் பிள்ளைகள் நின்றுகொண்டே இருந்தார்கள். படகு வரவில்லை.

அன்றைக்குப் பாடு ஊர்க் கோடியில் இருந்த ஒரு வீட்டுக்கு. அந்த வீட்டில் விடியற்காலையில் மருமகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை பிறந்தால் அந்த வீட்டுக்குத் தீட்டு. தீட்டு கழியும்வரை அந்த வீட்டு ஆண்கள் படகையும் வலையையும் தொடக் கூடாது. ஏரியில் அவர்கள் பாடு வந்தால் அந்த இடம் சும்மா கிடக்கும். அதே போல் இதுவும் சும்மா கிடந்தது.

கரையில் படகுகளுக்குக் குறைவில்லை. ஆண்கள் வலை சிக்கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. கெட்ட எண்ணம் கிடையாது. அவன் பாட்டை நான் எப்படித் தொடுவது என்பதுதான். சீட்டு எடுத்தபோது இந்த ஒன்றை யாரும் யோசிக்கவே இல்லை. மீன் நாளைக்கும் வரும். அது மாதிரி பிள்ளைகளையும் விட்டுவிட்டோம்.

அந்தக் கரையில் டீச்சரம்மா வந்து நின்றார். கையை ஆட்டினார். பிறகு குடையை ஆட்டினார். பிறகு வாயில் கையைக் குவித்துக்கொண்டு கத்தினார். "சேவிகா அம்மா வந்திருக்காங்க! சீக்கிரம் அனுப்புங்க!"

ஹெட்மாஸ்டர் சேவிகா அம்மா பக்கத்தில் நின்று என்ன சொல்லிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். பாருங்க, வரலை. நான் கோடி வீட்டுக்கு ஓடினேன். குழந்தையின் அப்பன் வாசலில் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"மச்சான், உன் பாட்ட எனுக்கு வுடு. புள்ளைங்கள நான் வுட்டுட்டு வரன்" என்றேன்.

"நான் எப்பிடி மாமா வுடறது? தீட்டுக்காரன் வாயால குடுத்தா செல்லாது. நாட்டாரக் கேளு."

"அவரு எங்க?"

"காத்தாலயே பழவேற்காட்டுக்கு மீன் எடுத்துக்கினு பூட்டாரே."

திரும்பிக் கரைக்கு வந்தேன். பிள்ளைகள் அலுத்துப்போய் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். என் மகள் மட்டும் நின்றுகொண்டு அந்தக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கே டீச்சரம்மாவின் குடை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மகளைத் தூக்கி என் படகில் உட்கார வைத்தேன். கயிற்றை அவிழ்த்தேன்.

வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. "இன்னா பண்ற? உன் பாடு இல்ல அது" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

அடுத்த பிள்ளையைத் தூக்கினேன். அதற்குள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "என்துயும் ஏத்து, என்துயும் ஏத்து" என்று ஓடி வந்தாள். பிறகு பிள்ளைகளே முண்டியடித்து ஏறினார்கள். யாரும் தடுக்கவில்லை. யாரும் கை கொடுக்கவும் இல்லை.

அந்தக் கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சேவிகா அம்மாவே இறங்கும் இடத்துக்கு வந்துவிட்டிருந்தார். பின்னால் ஹெட்மாஸ்டர். பிள்ளைகள் சேறும் சிரிப்புமாக இறங்கி, வழி கேட்காமல் தங்கள் அறைக்கு ஓடினார்கள். சேவிகா அம்மா அதைப் பார்த்துக்கொண்டே, "ஏன் இவ்ளோ நேரம்?" என்றார்.

டீச்சரம்மா தீட்டைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு சரி. நாளைக்கு? வேற ஒரு வீட்ல இப்படி ஆச்சுன்னா? பிள்ளைங்க வருவாங்களா மாட்டாங்களா? எனக்கு அது தெரியணும்."

தலையை ஆட்டினேன்.

"வாயைத் திறந்து சொல்லுங்க."

"வருவாங்கம்மா" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அது என் கையில் இல்லை. அன்று சாயங்காலமே நாட்டார் ஆள் அனுப்பினார். கோயில் எதிரில் ஊர் கூடியிருந்தது. அடுத்தவன் பாட்டைத் தொட்ட வழக்கு. பாடு முறையை வைத்துப் பிழைக்கிற ஊரில் இது லேசான விஷயம் இல்லை. இன்று பிள்ளைப் பாட்டைத் தொட்டவன் நாளைக்கு இறால் பாட்டைத் தொடுவான் என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னது தப்பு என்று எனக்கும் தோன்றவில்லை.

"தொட்டியா?" என்றார் நாட்டார்.

"தொட்டேன்."

"ஏன்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நாட்டாரைப் பார்க்காமல் மணலைப் பார்த்துக்கொண்டு பேசினேன். "நாளைக்கும் ஒரு ஊட்ல புள்ள பொறக்கும். யாராவது சாவாங்க. அப்பயும் படகு நிக்கும். ரெண்டு தபா நின்னா பால்வாடிய எடுத்துக்கினு பூடுவாங்க. என் பொண்ணு மீஞ்சூருக்குப் பூடும்."

குழந்தையின் தாத்தாவான கோடி வீட்டுக் கிழவனார், தீட்டு என்பதால் கூட்டத்துக்கு வெளியே தள்ளி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் நின்ற அவர் மகள்தான் கத்தினாள். "எங்க பாட்டதான தொட்டான்? நாங்க ஒண்ணும் பிராது குடுக்கல! அவன் இன்னா எறாலா வாரிக்கினு பூட்டான்? அந்தப் படகுல போனதுல எங்க ஊட்டுதும் ரெண்டு!"

"நீ சும்மா இரு. மொற மொறதான்" என்றார் நாட்டார். ஆனால் அவர் வாய் ஓரத்தில் சிரிப்பு தெரிந்தது. பெரியவர்கள் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசினார்கள். பிறகு நாட்டார் தீர்ப்புச் சொன்னார். பாட்டைத் தொட்டது தொட்டதுதான். அதனால் ஏரியில் அடுத்து வரும் என் பாடு போனது. அது பொங்கலுக்கு முந்தின பாடு, இறால் கொழித்து விழும் நேரம். அந்த வருஷம் அதை நம்பித்தான் இருந்தேன். அடுத்ததாக, இனி பிள்ளைப் பாடு மீன் பாடு மாதிரி இல்லை. முறைக்காரன் வர முடியாவிட்டால், கரையில் எந்தப் படகு முதலில் பிள்ளைகள் கண்ணில் படுகிறதோ அந்தப் படகுக்காரன் போக வேண்டும். கேட்கத் தேவையில்லை. போகாதவனுக்குத்தான் இனி அபராதம்.

நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பொங்கலுக்கு முன்னால், சொன்னபடி அக்கா வந்தார். என் பாடு போனது அவர் காதுக்கும் போயிருந்தது. வந்ததும் மகளின் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்தார். "பொங்கலுக்கு உன் கைல ஒண்ணும் இருக்காது. மத்தியானமா கெளம்பறோம். அதுக்கு முன்ன அந்த இஸ்கூலயும் ஒரு தபா பாத்துட்டு வரேன். அப்பறம் நான் பாக்கலன்னு சொல்லக் கூடாது" என்றார்.

பிள்ளைகளின் படகில்தான் போனோம். அன்று முறைக்காரன் வேறு ஒருவன். அக்கா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்க்க பயந்து, மகளின் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மகள், "பெரிம்மா, ஆடாத. ஆடனா கவுந்துக்கும்" என்று அவரை அதட்டினாள்.

பள்ளிக்கூடத்தில் நான் உள்ளே போகவில்லை. வெளியே நின்றேன். அக்கா வாசற்படியில் உட்கார்ந்தார். டீச்சரம்மா பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தார். என் மகள் அந்தக் கரை ஊர்ப் பெண் ஒருத்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பாட்டு நடந்தது. டீச்சரம்மா ஒரு கதையைப் பாதியில் நிறுத்தி, அடுத்தது என்ன என்று கேட்டார். என் மகள் எழுந்து நின்று சொன்னாள். பாதிதான் புரிந்தது. ஆனால் அத்தனை பேர் நடுவில் நின்று, கையை நீட்டி, சத்தமாகச் சொன்னாள். அக்கா அவளைப் பார்த்தார், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

கஞ்சி ஊற்றும்வரை அங்கேயே இருந்தார். ஆயா கொடுத்த கஞ்சியில் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "உப்பு கம்மி" என்றார். பிறகு எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

பஸ் நிற்கும் இடம் பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே இருந்தது. அங்கே போய் நின்றார். நான் பின்னால் போனேன். மகளைக் கூப்பிடட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது. அக்கா ஏறுவதற்கு முன் துணிப்பையை என் கையில் வைத்தார்.

"நான் இப்பிடியே போறேன் தம்பி" என்றார். "சாயங்காலம் நீ வந்து இட்டுக்கினு போ. லேட் பண்ணாத, அது தேடும்."